முகமும் பெயரும்: ரொக்கோகோ உருவச் சித்திரங்களை வாசிக்கும் தொழில்

ரொக்கோகோ காலத்து உருவச் சித்திரம் ஒன்று அருங்காட்சியகத்தின் சித்திர அறை மேசைக்கு வந்தால், அங்கு நெடுநாள் பழகியவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பழைய பசைக் கறை, ஏலத்தில் ஒட்டிய எண், சேகரிப்பாளரின் சிறு முத்திரை, யாரோ பென்சிலால் எழுதிய ஒரு பெயர் என ஏதாவது அங்கே இருக்கும். பிறகு தாளை விளக்குக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைத் தேடுவார். அதன் பின் சாக்கட்டியின் கோடுகள், உடை, தலைமுடி, கடைசியாக முகம். எழுதியிருக்கும் பெயரை எல்லாவற்றுக்கும் பிறகுதான் எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து வருபவருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் முகம், உடல், உடை, பெயர் ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே நாளில் ஒன்றுசேரவில்லை. ஒரே தாளிலோ ஒரே கையாலோ சேர்ந்ததாகவும் சொல்ல முடியாது. அவை சேர்ந்த வரிசையைக் கண்டுபிடித்து, அதே வரிசையில் பிரித்துப் பார்ப்பதே இந்தத் தொழிலின் சாரம்.

தொழில் பழகுபவருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பொருள்கள்தான். அக்கால ஓவியரின் கையில் மூன்று சாக்கட்டிகள் இருந்தன: இரும்புத்தாது கலந்த மண்ணிலிருந்து வரும் சிவப்பு, பாறையிலிருந்து வெட்டும் கருப்பு, வெள்ளை. தோலுக்குச் சிவப்பு, துணிக்கும் முடிக்கும் கருப்பு, ஒளி விழும் இடத்துக்கு வெள்ளை என்பது பொது வழக்கம். தாள் பெரும்பாலும் நீலம் அல்லது மங்கிய பழுப்பு. பாஸ்டல் எனப்படும் வண்ணப்பொடிக் குச்சிகளால் வரைந்த ஓவியர்கள் நீலத் தாளை விரும்பியதற்குக் காரணம் உண்டு. நீலத்தின் மேல் தூவிய வெளிர்சிவப்பு, உயிருள்ள தோலின் அடியில் ஓடும் குளிர்ந்த நிழலைத் தானாகவே காட்டிவிடும்.

ஆனால் அந்த நீலம் நிலைப்பதில்லை. நீலக் கந்தல் துணியிலிருந்து செய்த தாள் வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகவும் பழுப்பாகவும் மாறுகிறது. சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளி படாமல் தப்பிய ஒரு விரற்கடை அகலத்தில்தான் பழைய நீலம் மிஞ்சியிருக்கும். கார்மைன் போன்ற சிவப்புகள் அதைவிட விரைவில் மறைகின்றன. வெர்சாய் அரண்மனையில் கன்னத்தின் அழுத்தமான செந்நிறப் பூச்சு பெண்ணின் தகுதியைச் சொல்லும் அடையாளமாக இருந்தது. அந்தச் சிவப்பு மங்கிய படத்தில் அரசவைப் பெண் நோயாளியைப் போலவோ, துறவு மனம் கொண்டவளைப் போலவோ தெரிவாள். வெளிறிய முகத்தை வைத்து அவளுடைய குணத்தைப் பற்றி எழுதிய பக்கங்கள் பல உண்டு. உண்மையில் அங்கே நடந்தது நிறம் போனது மட்டுமே. இப்போது சித்திரங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி காட்டாமல், சில மாதம் காட்சிக்கு வைத்துவிட்டு நீண்ட காலம் இருட்டில் ஓய்வு தருவது இதனால்தான்.

பொருளுக்கு அடுத்தது பெயர். குடும்பச் சொத்தாக வந்த படத்தைக் கொண்டுவருபவர் சட்டத்தைப் பிரிப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவார். அரசனின் காதலிகளான பொம்பதூர், து பாரி, அரசி மரி அந்துவானெத் ஆகிய மூன்று பெயர்களும் அளவுக்கு மிஞ்சி வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோன்கூர் சகோதரர்கள் போன்ற எழுத்தாளர்கள் முந்தைய நூற்றாண்டின் கலையை மீண்டும் போற்றத் தொடங்கியபோது விலை ஏறியது. பெயர் தெரியாத பெண்ணின் படத்தைவிட அரசனின் காதலியின் படம் எளிதில் விற்றது. பின்பக்கப் பெயர்களில் பல அந்தக் காலத்தின் எழுத்து. எழுத்தின் வடிவம், மையின் நிறம், பெயரை எழுதிய முறை எல்லாம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பெயரைச் சோதிக்க உறுதியான துணை தலைமுடி. 1750-களில் பிரெஞ்சுப் பெண்கள் முடியைத் தலையோடு ஒட்டித் தாழ்வாக அமைத்தார்கள்; 1770-க்குப் பிறகு அது மேலே மேலே உயர்ந்தது. பொம்பதூர் சீமாட்டி 1764-இல் இறந்துவிட்டார். அவர் பெயர் எழுதிய தாளில் இருப்பவளின் கூந்தல் கோபுரமாக உயர்ந்திருந்தால், மேற்கொண்டு விவாதிக்க ஒன்றுமில்லை. ஆண்களுக்கு வாள் துணை செய்யும். வாள் இடுப்பின் இடப்பக்கம் தொங்க வேண்டும். வலப்பக்கம் தொங்கினால், ஈரத்தாளைச் சித்திரத்தின்மேல் அழுத்தி எடுத்த மறுபதிவாக அது இருக்கலாம். ஓவியர் வாத்தோ அப்படி மறுபதிவுகள் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்.

1684-இல் பிறந்து 1721-இல் இறந்த அந்துவான் வாத்தோவின் தலைச் சித்திரங்களோடு பழகியவர்கள் இன்னொரு பாடத்தையும் கற்கிறார்கள். அவற்றில் உள்ள முகங்கள் அவ்வளவு தனித்தன்மையோடு இருப்பதால் பெயர் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் வாத்தோ அவற்றைப் பெயருக்காக வரையவில்லை. எந்தப் படத்துக்கென்று முடிவு செய்யாமலே வரைந்து, தைத்த ஏடுகளில் சேர்த்து வைத்து, வண்ண ஓவியம் தீட்டும்போது அங்கிருந்து உருவங்களை எடுத்துக்கொண்டார் என்று அவரை நேரில் அறிந்த கேலுஸ் பிரபு பதிவு செய்திருக்கிறார். ஒரே பெண்ணின் திரும்பிய கழுத்து ஒரு படத்தில் காதலியாகவும் இன்னொன்றில் பாடுபவளாகவும் வரும். அவர் இறந்தபின் நண்பர் ழான் த ஜூலியென் அந்தச் சித்திரங்களை 350-க்கும் மேற்பட்ட செதுக்குப் பதிவுகளாக 1726 முதல் வெளியிட்டார். இளைஞராக இருந்த ஓவியர் பூஷே அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் செதுக்கினார். அந்தத் தொகுப்பின் தலைப்பே பலவகைக் குணங்களின் உருவங்கள் என்ற பொருளில் அமைந்தது. முகம் ஒருவரைக் குறிக்காமல் ஒரு வகையைக் குறிக்கலாம் என்று அக்காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தாளுக்குப் பெயர் தேடி அலைவது, அது கேட்காத கேள்விக்கு விடை தேடுவதாகும்.

உருவப்பட வாசிப்பில் பழகியவர்கள் தவறாமல் போய்ப் பார்க்கும் இடம் வட பிரான்சின் சேன்கான்தேன் நகரம். பாஸ்டல் ஓவியர் மோரிஸ் கான்தேன் த லா தூர் 1704-இல் பிறந்ததும் 1788-இல் இறந்ததும் அங்கேதான். அவருடைய ஓவியக்கூடத்தில் மிஞ்சிய தாள்களை அவருடைய தம்பி 1807-இல் நகரத்துக்கு எழுதி வைத்தார். அவை இப்போது அந்துவான் லெகுயே அருங்காட்சியகத்தில் உள்ளன. முதல் உலகப் போரில் நகரம் ஜெர்மானியர் கையில் இருந்தபோது, 1917-இல் அந்தப் பாஸ்டல்கள் மோபேஜ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே ஒரு கடைக் கட்டிடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தொட்டால் உதிரும் பொடியால் ஆன படங்கள் போரைத் தாண்டித் திரும்பி வந்தது, பாஸ்டலைக் கையாண்டவர்களுக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

அங்கிருப்பவற்றில் பெரும் ஈர்ப்புடையவை ஆயத்தத் தாள்கள். முகம் மட்டும் முழுமையாக, கழுத்துக்குக் கீழே சில கோடுகளோடு நின்றுவிடும் தாள்கள் அவை. சில முகங்களுக்குப் பெயர் தெரியும். பாடகி மரி ஃபெல் அவர்களில் ஒருவர். பல முகங்கள் பெயரில்லாதவை. 19ஆம் நூற்றாண்டு ரசிகர்கள் இவற்றைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். அலங்காரமெல்லாம் களைந்த உண்மையான மனிதன் இங்கே தெரிகிறான் என்று கருதினார்கள். தொழிலுக்கு வரும் இளையவரும் அப்படித்தான் உணர்வார். பல தாள்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் வேறொன்று புலப்படும். இந்த முகங்களும் திட்டமிட்டவை. உதட்டோரம் எழத் தொடங்கும் புன்னகையும் கண்மணியில் வைத்த வெள்ளைப் புள்ளியும் முகத்துக்கு முகம் திரும்ப வருகின்றன. சமூகத்தில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்ற தோற்றத்தை லா தூர் தம்முன் அமர்ந்த எல்லோருக்கும் தந்தார். அதை விரும்பித்தான் அவர்கள் வந்தார்கள். முகத்துக்குப் பின்னால் இன்னொரு உண்மையான முகம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் பிற்காலத்துக்கு உரியது. பிறர் முன்னிலையில் எப்படித் தோன்றுகிறோமோ அதுவே நாம் என்பதை அந்த அரசவைச் சமூகம் பெருமளவு நம்பியது.

பாரிஸில் நடந்த 1741-ஆம் ஆண்டின் சலோன் ஓவியக் கண்காட்சியை இத்தொழிலில் உள்ளவர்கள் அடிக்கடி எடுத்துப் பேசுவார்கள். லா தூர் அந்த ஆண்டு நீதிபதி காப்ரியேல் பெர்னார் த ரியேவின் முழு உருவப் பாஸ்டலைக் காட்டினார். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். பல தாள்களை ஒட்டிச் சேர்த்துத்தான் அவ்வளவு பெரிய பரப்பைப் பெற முடிந்தது. இப்போது அது லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரியே பாரிஸ் பார்லமென்ட் நீதிமன்றத்தின் ஒரு பிரிவுக்குத் தலைவர். அவருடைய தந்தை சாமுவேல் பெர்னார், அக்கால பிரான்சின் பெரும் பணக்கார வங்கியாளர். படத்தில் நீதிபதியின் கருப்பு உள்ளங்கியும் சிவப்பு மேலங்கியும், தடித்த ஏடு, பூகோள உருண்டை, மடிப்புத் திரை, விரிப்பு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வரைய நாள் பிடிக்கும் பொருள். தந்தையின் பணம் மகனிடம் படிப்பாகவும் பதவியாகவும் மாறிவிட்டது என்று அறையில் உள்ள ஒவ்வொரு பொருளும் சாட்சி சொல்கிறது. முகம் மிக அழகாக வரையப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவர் யார் என்பதைச் சொல்லும் வேலையில் பெரும்பங்கை ஏற்றிருப்பது அறைதான்.

அதே சலோனில் லா தூர் இன்னொரு பாஸ்டலையும் வைத்திருந்தார். சட்டைப் பொத்தானைப் போடும் ஓர் இளம் கருப்பின மனிதரின் படம் அது. இப்போது ஜெனிவாவில் இருக்கிறது. கண்காட்சிக் கையேடு அவருடைய நிறத்தையும் செயலையும் மட்டும் குறிப்பிட்டது, பெயரைக் குறிப்பிடவில்லை. வரைந்த கை ஒன்றுதான், அதன் கவனத்திலும் குறைவில்லை. தோலில் ஒளி விழும் விதத்தை லா தூர் நீதிபதிக்குக் கவனித்த அளவுக்கு இவருக்கும் கவனித்திருக்கிறார். ஆனால் ஒருவருக்குப் பெயர், பதவி, குலம், அறை எல்லாம் கிடைத்தன. இன்னொருவருக்கு ஒரு சட்டைப் பொத்தான். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் 1741-இன் அடையாளக் கணக்கு முழுமை பெறாது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள வாத்தோவின் தாள் ஒன்றிலும் ஒரு கருப்பின இளைஞரின் தலை வெவ்வேறு கோணங்களில் வரையப்பட்டிருக்கிறது. அவருக்கும் பெயர் இல்லை. பெயரின்மை தற்செயலாக நேர்ந்தது என்று விட்டுவிடக் கூடாது. யாரைப் பதிவு செய்ய வேண்டும், யாரைப் பார்த்தால் போதும் என்று அச்சமூகம் எடுத்த முடிவு அதில் இருக்கிறது. பட விவரத்தில் அதை வெளிப்படையாக எழுதுவது வாசிப்பவரின் கடமை.

படத்தில் உள்ளவர் யார் என்பதில் சமகாலத்தவரே ஒன்றுபடவில்லை என்பதற்கு 1753 ஒரு சான்று. அந்த ஆண்டு சலோனில் லா தூர் சிந்தனையாளர் ழான்-ழாக் ரூசோவின் பாஸ்டலைக் காட்டினார். ரூசோ அதற்கு முன்பே வாளையும் பொன் சரிகையையும் துறந்து, எளிய வாழ்வை ஏற்றுக்கொண்டதாக அறிவித்திருந்தார். படத்தில் அவர் எளிய உடையிலும் மாவு தூவிய வட்டப் பொய்முடியிலும் வைக்கோல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ரூசோவின் நண்பரும் எழுத்தாளருமான திதெரோவுக்கு இது பிடிக்கவில்லை. காலத்தைக் கண்டிக்கும் ரோமானியச் சான்றோனை எதிர்பார்த்த தனக்கு, நன்றாக உடுத்திய இசை நாடக ஆசிரியர்தான் கிடைத்தார் என்ற கருத்தில் எழுதினார். முந்தைய ஆண்டில்தான் ரூசோவின் கிராமிய இசை நாடகம் அரசவையில் அரங்கேறியிருந்தது. ரூசோவோ அந்தப் படத்தை மிகவும் விரும்பினார். ஒரு பிரதியைத் தாம் பெரிதும் மதித்த ஒருவருக்குப் பரிசளித்தார். பின்னாளில் லா தூர் இன்னொன்றைத் தந்தபோது மகிழ்ந்து நன்றி சொன்னார். திதெரோ எதிர்பார்த்தது ரூசோவின் நூல்களில் உள்ள மனிதரை. ரூசோ விரும்பியது, பழகுவதற்கு இனியவர் என்று தன்னைக் காட்டிய முகத்தை. சித்திரம் இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும். ஒரு படம் ஒருவரைச் சரியாகக் காட்டுகிறதா என்ற விவாதம் எழும்போது, யாருடைய ரூசோ என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து பெற்ற பாடம்.

முகம் தனியாகவும் உடல் தனியாகவும் உருவானதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று, லூவ்ரில் உள்ள, லா தூர் வரைந்த பொம்பதூர் சீமாட்டியின் பெரிய பாஸ்டல். 1755 சலோனில் காட்டப்பட்டது. உயரம் ஏறக்குறைய 1.75 மீட்டர். பல நீலத் தாள்களை ஒட்டி அமைத்த பரப்பில், முகம் மட்டும் தனித் தாளில் வரைந்து பொருத்தப்பட்டது. சாய்வாக ஒளி வீசினால் அந்தத் தாளின் விளிம்பு தெரியும். சீமாட்டி நகை எதுவும் அணியவில்லை. கையில் இசைச் சுவடி. மேசையில் மோன்தெஸ்கியேவின் சட்டங்களைப் பற்றிய நூல், வோல்தேரின் ஹென்றியாத், திதெரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி. களஞ்சியத்தின் முதல் இரண்டு தொகுதிகளை அரசு 1752-இல் தடுத்திருந்தது. மோன்தெஸ்கியேவின் நூலைத் திருச்சபை தடைசெய்திருந்தது. நிதித்துறைக் குடும்பத்தில் பிறந்து 1745-இல் அரசனின் காதலியாக அறிவிக்கப்பட்டவர், 1755-இல் தன்னை அறிவுத்துறையின் புரவலராகக் காட்டிக்கொள்கிறார். அந்தப் புதிய நிலையைப் படம் அறிவிக்கிறது. படத்தை வாசிப்பவர் நூல்களின் முதுகில் உள்ள எழுத்தை முகத்தின் அளவுக்குக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

உடையே ஆளாக மாறும் நிலையை ஜெனிவா ஓவியரான ழான்-எத்தியென் லியோத்தாரிடம் பார்க்கலாம். 1738 முதல் 1742 வரை கான்ஸ்டான்டினோபிளில் இருந்தவர் துருக்கிய உடையோடும் நீண்ட தாடியோடும் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1744-இல் வியன்னாவில் வரைந்த தன்னுருவத்தில், ஜெனிவாவின் லியோத்தார், துருக்கிய ஓவியர் என்று அழைக்கப்படுபவர், வியன்னாவில் வரைந்தது எனத் தானே எழுதி வைத்தார். ஊர் ஒன்று, பட்டப்பெயர் வேறொன்று, வரைந்த நகரம் மூன்றாவது. மூன்றையும் ஒரே வரியில் சேர்த்தார். அவர் கொண்டுவந்த துருக்கிய உடைகளைப் பல நாட்டுப் பெண்கள் அணிந்து அமர்ந்தார்கள். திண்டில் சாய்ந்த ஒரே தோரணை பல படங்களில் வருகிறது. அவற்றில் சிலவற்றுக்கு வழிவழியாகச் சொல்லப்பட்ட பிரபுகுலப் பெயர்களை ஆய்வாளர்கள் இப்போது ஏற்கத் தயங்குகிறார்கள். உடை அவ்வளவு அழுத்தமாகப் பேசுவதால் முகம் பின்னுக்குப் போய், யாரும் யாராகவும் கருதப்பட இடம் ஏற்பட்டது.

இதே லியோத்தார் 1762-இல் மீண்டும் வியன்னா சென்று பேரரசி மரியா தெரேசாவின் 11 பிள்ளைகளைச் சிறிய தாள்களில் வரைந்தார். கருப்பு, சிவப்புச் சாக்கட்டிகளும் நீர்வண்ணமும் கொண்டவை. ஜெனிவா அருங்காட்சியகத்தில் உள்ளன. தாள் மெல்லியது. அதன் பின்பக்கத்திலும் வண்ணம் தீட்டினார். அந்த வண்ணம் தாளின் ஊடே கசிந்து முன்பக்கத் தோலுக்கு மென்மையான வெதுவெதுப்பைத் தருகிறது. பின்பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

அந்தத் தாள்களில் பார்வையாளர் கூட்டம் தேடிப் போவது ஒன்றைத்தான். நூல் முடிச்சுப் போடும் சிறு கருவியைக் கையில் பிடித்து, பெரியவளைப் போல நிமிர்ந்திருக்கும் சிறுமி. 1755 நவம்பரில் பிறந்த மரியா அந்தோனியா அவள். 1770-இல் பிரெஞ்சு இளவரசனை மணந்த பிறகுதான் மரி அந்துவானெத் ஆனாள். 1793-இல் கொல்லப்பட்டாள். இந்தச் சிறுமியின் கண்ணில் வருங்காலத் துயரம் தெரிகிறது என்று எழுதியவர்கள் உண்டு. தாளில் அப்படி ஒன்றும் இல்லை. அரசகுலப் பெண் எப்படி உட்கார வேண்டும், கையை எப்படி வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று கற்றுத்தரப்பட்ட ஒழுங்குதான் இருக்கிறது. அதே வரிசையில் அவளுடைய அக்கா மரியா ஜோஹன்னாவும் இருக்கிறாள். வரைந்த அதே 1762-ஆம் ஆண்டின் டிசம்பரில், 12 வயதில் அம்மையில் இறந்துபோனவள். அவள் கண்ணில் யாரும் மரணத்தைத் தேடுவதில்லை, ஏனெனில் அவள் பெயர் பலருக்குத் தெரியாது. தெரிந்த பெயர் பார்வையை எவ்வளவு வளைக்கிறது என்பதை இந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் கண்டுகொள்ளலாம். தாய்க்கு அவை இரண்டும் தன் மக்களின் முகங்கள். அந்த முதல் பயனிலிருந்து வாசிப்பைத் தொடங்குவதே நேர்மை.

கடந்த சில பத்தாண்டுகளில் இத்தொழிலின் கருவிகள் மாறிவிட்டன. முன்பு ஒப்பிட்டுப் பார்க்க அட்டைகளில் ஒட்டிய கருப்புவெள்ளைப் புகைப்படங்களே இருந்தன. லண்டன், ஹேக் போன்ற நகரங்களின் படக் காப்பகங்களில் பெட்டி பெட்டியாகப் புரட்ட வேண்டும். அந்தப் படங்களில் சிவப்புச் சாக்கட்டியும் கருப்புச் சாக்கட்டியும் ஒன்றுபோலவே தெரியும். சேகரிப்பாளர் முத்திரைக்கு ஃபிரிட்ஸ் லூக்த் 1921-இல் வெளியிட்ட தடித்த நூலே கதி. இப்போது அந்த முத்திரைகளை இணையத்தில் தேடலாம். நீல் ஜெஃபரீஸ் 2006-இல் வெளியிட்ட பாஸ்டல் ஓவியர் அகராதியும் இணையத்தில் வளர்ந்து வருகிறது. ஒரே முகத்தின் பல பிரதிகளை ஒரே திரையில் வைத்து ஒப்பிட முடிகிறது. அதனால் பழைய பெயர்கள் பல உதிர்ந்தன. காணாமல்போன பெயர்கள் சில திரும்பக் கிடைத்தன.

தலைப்பு எழுதும் முறையும் மாறியது. மரி-கியோமின் பெனுவா 1800 சலோனில் காட்டிய கருப்பினப் பெண்ணின் வண்ண ஓவியம், ரொக்கோகோவுக்குச் சற்றுப் பிற்பட்டது. நீண்டகாலம் இனத்தை மட்டும் சொல்லும் தலைப்போடு இருந்த அந்தப் படம், ஆய்வின் பயனாக 2019-இல் பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகக் கண்காட்சியில் மதலேன் என்ற பெயரைப் பெற்றது. லா தூர் வரைந்த இளைஞருக்கும் வாத்தோவின் தாளில் இருப்பவருக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதற்காக ஆவணங்களைத் தேடுவது, அழகிய சீமாட்டிகளின் பெயரைத் திருத்துவதைவிட அவசரமான வேலை.

கருவிகள் மாறினாலும் வாசிப்பின் வரிசை மாறவில்லை. தாளும் சாக்கட்டியும் என்ன, அவற்றில் காலம் எதை அழித்தது என்று முதலில் அறிய வேண்டும். அடுத்து, முகம் எந்த வேலைக்காக வரையப்பட்டது என்று கேட்க வேண்டும்: விற்பனைக்கா, வேறொரு படத்துக்கான ஆயத்தமாகவா, தாயின் கைக்கா. பிறகு உடையும் பொருள்களும் யாரிடம் எதைச் சொல்ல வைக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே பெயர்: யார் எழுதியது, எப்போது, ஏன். பெயர் இல்லாவிட்டால், இல்லாததன் காரணத்தையும் எழுத வேண்டும். இந்த வரிசையில் போனால் ரொக்கோகோ உருவச் சித்திரம் வெறும் மென்மையும் அலங்காரமும் என்ற பழைய எண்ணம் நிற்காது. ஒரு மனிதரை யார், எதைக் கொண்டு, யார் பார்வைக்காக உருவாக்கினார்கள் என்பதை அது விவரமாகச் சொல்லும்.